ஓடாத கார்கள் – 6: ஷோரூமிலிருந்து உப்பல் வரை

துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, வீட்டில் ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்கப்படும் பிளாஸ்டிக் மாடல் கார் பொம்மைக் கடையில் பிறக்கவில்லை. அமெரிக்கக் கார் விற்பனையாளரின் மேசைமேல்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெட்ராய்ட் ஆலைகள் பயணிகள் கார்களை நிறுத்திவிட்டு ராணுவத்துக்காக உழைத்தன. போர் முடிந்து அவை மறுபடி கார் செய்யத் தொடங்கியபோது வாங்க வந்தவர்கள் ஏராளம்; ஷோரூமில் நிறுத்திக் காட்ட வண்டிதான் போதவில்லை. வண்டி கைக்கு வரும்வரை அதன் உருவத்தையும் நிறத்தையும் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் 1948-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஏ.எம்.டி. என்று உலகம் அறிந்த நிறுவனம் இதுவே. இதன் முதல் தயாரிப்பு அலுமினியத்தில் வார்த்த ஒரு ஃபோர்டு கார். உண்மையான ஃபோர்டு கார்களுக்கு அடித்த பெயின்ட்டையே அதற்கும் அடித்தார்கள். அப்பா விலை பேசிக்கொண்டிருக்க, பிள்ளை அந்தச் சின்னக் காரை மேசைமேல் ஓட்டிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் பெரிய காருக்கு முன்னால் சின்னக் கார் வந்து சேர்ந்தது.

அலுமினியம் சில ஆண்டுகளிலேயே பிளாஸ்டிக்குக்கு வழிவிட்டது. முதலில் பயன்பட்ட பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். வார்க்க எளிது, பளபளப்பும் உண்டு. ஆனால் நாளாக ஆகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். 1950-களின் விளம்பர மாடல்கள் பல இன்று கூரை தொய்ந்து, முன்பக்கம் தூக்கி நிற்பதற்கு இதுவே காரணம். 1960-களின் தொடக்கத்தில் இந்தத் தொழில் பெரும்பாலும் பாலிஸ்டைரீனுக்கு மாறியது. அது வார்த்த வடிவத்திலேயே நிற்கும். நுணுக்கமான கோடுகளையும் அச்சிலிருந்து அப்படியே வாங்கிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும்விட இந்தப் பொழுதுபோக்குக்கு உதவியது அதன் இன்னொரு குணம். டொலுவீன், எம்.இ.கே. போன்ற கரைப்பான்கள் அதன் மேற்பரப்பைக் கரைத்துவிடும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் இரு பக்கமும் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். இடையே பசைப்படலம் எதுவும் நிற்பதில்லை. மரத்திலும் தகரத்திலும் கிடைக்காத இந்த வசதிதான் பட்டறை இல்லாத வீட்டிலும் கார் கட்டுவதைச் சாத்தியமாக்கியது.

ஏ.எம்.டி. 1958-இல் தன் விளம்பர மாடலின் அச்சிலிருந்தே கிட் ஒன்றை வெளியிட்டது. அச்சுக்கு ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. அதே அச்சில் இன்னும் சில ஆயிரம் பாடிகளை வார்த்து, ஒட்டாமல் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் புதுச்சரக்கு தயார். அந்த ஆண்டின் புதுக் காரை ஆலையிலிருந்து வந்தபடியோ, அலங்கரித்தோ, பந்தய வண்டியாகவோ கட்டிக்கொள்ள மூன்று விதமான உதிரிகள் ஒரே பெட்டியில் இருந்தன. ஆண்டுதோறும் கார் ஆலைகள் உருவத்தை மாற்றியதால் ஆண்டுதோறும் புதுக் கிட்டும் வந்தது. ‘எம்.பி.சி.’, ‘ஜோ-ஹான்’ ஆகிய நிறுவனங்களும் இதே பாதையில் வளர்ந்தன.

இங்கே அச்சுத் தொழிலின் ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தட்டையான பொருளுக்கு இரண்டு பாதி அச்சு போதும். மூடி உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி, ஆறியதும் திறந்தால் பொருள் வெளியே வந்துவிடும். கார் பாடி அப்படி வராது. பக்கவாட்டில் கதவுக் கோடும் கைப்பிடியும், முன்னால் கிரில் துளைகளும், பின்னால் விளக்குக் குழிகளும் உண்டு; மேல் கீழாகத் திறந்தால் இவை அச்சில் மாட்டிக்கொள்ளும். இதனால் தொடக்கக்கால ‘ரெவெல்’ கார் கிட்களில் பாடியே பல பலகைகளாக வந்தது. பக்கங்களையும் கூரையையும் மூக்கையும் வாங்கியவரே பொருத்த வேண்டும். பொருத்திய இடத்திலெல்லாம் இடைவெளி தெரியும், கூரையும் கோணலாக உட்காரும். ஏ.எம்.டி. தன் விளம்பர மாடல்களுக்குப் பயன்படுத்தியது பக்கத்துக்கு ஒன்றாக எஃகுத் துண்டுகள் விலகும் அச்சு. அச்சு திறக்கும்போது நான்கு பக்கத் துண்டுகளும் வெளிப்புறமாக நகர, பாடி முழுசாக ஒரே துண்டாகக் கையில் வரும். துண்டுகள் சந்தித்த இடத்தில் மட்டும், பெரும்பாலும் காரின் நான்கு மூலைகளில், மயிரிழை மேடாக ஒரு கோடு நிற்கும். இன்றைக்கும் கார் கட்டுகிறவர் முதலில் தேடித் தேய்ப்பது அந்தக் கோட்டைத்தான். ஒரே துண்டாக வார்த்த பாடி வந்த பிறகுதான் ஒட்டுவது சிறிய வேலையாகி, பெயின்ட் பெரிய வேலையாகியது. கார் மாடலை விமான மாடலிலிருந்து பிரித்த இடமும் அதுவே.

பிரிட்டனின் கதை வேறு விதமாகத் தொடங்கியது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் 1939-இல் நிறுவிய ‘ஏர்ஃபிக்ஸ்’ முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். அடுத்துச் சீப்புகள். சீப்புக்காக வாங்கிய இயந்திரத்தில்தான் 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் மாடல் வார்க்கப்பட்டது. அதுவும் விற்பனைப் பிரதிநிதிகள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காகச் செய்ததே. ஆக, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் விதை போட்டது வண்டி விற்பவர்தான். 1950-களின் நடுவில் ஏர்ஃபிக்ஸ் பழங்காலக் கார்களின் கிட்களை வெளியிட்டது. 1911 ரோல்ஸ் ராய்ஸ் அவற்றில் ஒன்று.

அளவு விகிதங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1:12 என்றால் ஒரு அடிக்கு ஓர் அங்குலம். 1:24 அதில் பாதி, அடிக்கு அரை அங்குலம். 1:32 அடிக்கு 3/8 அங்குலம். 1:43 ரயில் மாடல்காரர்களின் கணக்கு. அடிக்கு 7 மில்லிமீட்டர். அமெரிக்க விளம்பர மாடல்கள் 1:25-இல் நிலைத்தன. ஜப்பானும் ஐரோப்பாவும் பெரும்பாலும் 1:24-ஐ எடுத்துக்கொண்டன. அம்பாசிடர் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம். 1:24-இல் அது 18 சென்டிமீட்டர், 1:43-இல் 10 சென்டிமீட்டர். இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இருக்கும் ஐதராபாத்தின் உப்பலில் விகிதம் புதுச் செய்தியல்ல. அத்துறையின் 1:25,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டரைக் குறிக்கும். 1:25 காரில் அதே ஒரு சென்டிமீட்டர் 25 சென்டிமீட்டர். வரைபடத்தில் சாலையின் அகலம் விகிதத்தை மீறித் தடிப்பாகக் காட்டப்படுவது போலவே, மாடல் காரிலும் கதவு இடுக்கும் சன்னல் விளிம்பும் விகிதத்தைவிடத் தடித்தே இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வார்ப்பில் நிரம்பாது என்பதே காரணம்.

மூன்றாவது பெரும் பங்கு ஜப்பானுடையது. ஷிசுவோகா நகரில் 1946-இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய ‘டமியா’ முதலில் மரத்தில் மாடல்கள் செய்தது. அமெரிக்க பிளாஸ்டிக் கிட்கள் ஜப்பானியக் கடைகளில் வந்து இறங்கியதும் மரத்துக்குச் சந்தை போயிற்று. 1960-இல் அந்த நிறுவனமும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1967-இல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 1:12 அளவில் வெளியிட்டது. அடுத்த பெரிய முயற்சி 1976-இன் போர்ஷே 934. அந்தக் காரைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஷுன்சாகு டமியா ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார். கிட்டின் செலவு ஈடாகாததால் அதே காரை அடிப்படையாக வைத்து ரேடியோவால் ஓட்டும் மாடலையும் அதே ஆண்டு விற்றார்கள். டமியாவின் ரேடியோ கார் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு துண்டு இன்னொன்றோடு தேய்க்காமலே பொருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உலகெங்கும் பரப்பியது இந்த நிறுவனம். அமெரிக்கக் கிட் கட்டியவர்கள் கத்தியும் அரமும் எடுத்துத் திருத்திப் பழகியவர்கள். டமியா வந்த பிறகு திருத்தம் குறைந்து, மெனக்கெடும் நேரம் முழுவதும் பெயின்ட்டுக்குப் போனது.

1973-இன் எண்ணெய் விலையேற்றம் பாலிஸ்டைரீன் விலையையும் ஏற்றியது. அமெரிக்கச் சிறுவர்களின் ஆர்வமும் வேறு பக்கம் திரும்பியது. ஏ.எம்.டி. 1978-இல் ‘மேட்ச்பாக்ஸ்’ காரர்களான லெஸ்னியிடம் போனது. பிறகு எர்ட்டல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கிட் நிறுவனங்களான ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் ஒன்றாயின. நிறுவனங்கள் கைமாறினாலும் எஃகு அச்சு அழியவில்லை. 1960-களில் வெட்டிய ஏ.எம்.டி. அச்சுகளில் பல இன்றும் புதுப் பெட்டிகளில் கார்களை வார்த்துக்கொண்டிருக்கின்றன.

பழைய அச்சு நாடு விட்டு நாடு போவதும் இந்தத் தொழிலில் வழக்கம். இந்தியாவுக்கும் அப்படி ஒருமுறை வந்தது. 1957-இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு நுகர்பொருள் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வெளிநாட்டுப் பொம்மைக்கு வழியில்லை. 1960-களின் இறுதியில் பிரிட்டனின் ‘டிங்கி’ பொம்மைக் கார்களின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் விற்பனையாயின. அடித்தட்டில் இருந்த டிங்கி பெயரை மறைத்து நிக்கி பெயரைப் போட்டார்கள். பிரிட்டனில் ‘அட்லஸ்’ என்ற பெயரில் வந்த மினிபஸ், இங்கே ‘ஸ்டாண்டர்டு 20’ ஆனது. சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் அதே வண்டி அந்தப் பெயரில்தான் செய்யப்பட்டது. ஒரு தமிழ்நாட்டு ஆலையின் வண்டி கையடக்கமாகக் கிடைத்த அரிய நேரம் அது. ஆனால் நிக்கி கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்து, முடித்து விற்கப்பட்டவை. கட்டுவதற்கோ பெயின்ட் அடிப்பதற்கோ அவற்றில் எதுவும் மிச்சமில்லை.

கட்ட வேண்டும் என்று விரும்பிய இந்தியருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் பெட்டியே வழி. அப்படி வந்தவற்றில் ஒன்றாக இருக்கக்கூடியதுதான் ஏர்ஃபிக்ஸின் 1:32 ட்ரையம்ஃப் ஹெரால்டு. கட்டி முடித்தால் 12 சென்டிமீட்டர் நீளம். ஸ்டாண்டர்டு ஆலை 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தொடக்கத்தில் அதே இரண்டு கதவு உருவம்தான். சென்னைச் சாலையில் ஓடிய ஒரு காரை அப்படியே கட்ட உதவிய கிட் என்று இதைத் துணிந்து சொல்லலாம். வேண்டியதெல்லாம் பெயர்ப்பலகையையும் நம்பர் பிளேட்டையும் மாற்றுவது மட்டுமே.

2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின; பொம்மைகளும் மாடல்களும் முறையாக வரத் தொடங்கின. பெரு நகரங்களில் கிட்கள் கிடைத்தன. இணைய விற்பனை வந்த பிறகு எல்லா ஊருக்கும் போயின. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலின் 9503-ஆம் தலைப்பில் பொம்மை, முச்சக்கர வண்டி, புதிர் இவற்றோடு சிற்றளவு மாடல்களும் ஒன்றாகவே இருக்கின்றன. மலிவுப் பொம்மையிலிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போட்ட வரி, உள்நாட்டில் போட்டியே இல்லாத கார் கிட்டின் மீதும் விழுந்தது. அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும். இந்தத் தலைப்பைப் பிரித்து எழுதினால் யாருக்கும் நட்டமில்லை.

பெயின்ட் விஷயத்தில் தடை வேறு. மாடலுக்கென்று செய்யப்படும் லேக்கரும் எனாமலும் தீப்பற்றும் சரக்கு; ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் 1263-ஆம் எண். சாதாரணப் பார்சலாக விமானத்தில் அனுப்ப முடியாது. அதனால் இந்தியாவில் கிட் வெளியிலிருந்து வந்தாலும் பெயின்ட் பெரும்பாலும் உள்ளூர் ஆட்டோமொபைல் பெயின்ட் கடையிலிருந்தே வருகிறது. டிங்கரிங் ஷெட்காரர் வாங்கும் அதே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், அதே தின்னர், அதே சர்ஃபேசர். 1920-களில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டூகோ’வின் வாரிசுதான் இந்த என்.சி. பெயின்ட். நைட்ரோசெல்லுலோஸில் செய்த டூகோ 1924-ஆம் ஆண்டின் ஓக்லாந்து காரில் முதலில் வந்து, வாரக்கணக்கில் இழுத்த கார் பெயின்ட் வேலையைச் சில நாட்களில் முடிக்க வைத்தது. ஏ.எம்.டி. முதல் மாடலுக்கு ஃபோர்டின் பெயின்ட்டை அடித்தது போலவே ஐதராபாத்திலும் பெரிய காரின் பெயின்ட்தான் சின்னக் காருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தடிப்பாக அடித்தால் பாடியின் மேல் வலை வலையாக வெடிப்பு விழும். அதனால் முதலில் பாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பசையை நீக்குவார்கள். மூலைக் கோடுகளை 400, 600 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்கள். பிறகு பிரைமரைத் தூவல் தூவலாக, ஒவ்வொன்றும் காயக் காய, பல முறை அடிப்பார்கள். கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே பெரும்பகுதி ஆவியாகிவிட வேண்டும். பிரைமர் மூடிய பிறகே நிறத்தை ஈரமாக அடிக்கலாம்.

உப்பலின் பருவங்கள் இங்கே நேரடியாகக் குறுக்கிடுகின்றன. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் வறண்ட காற்றில் ஏர்பிரஷிலிருந்து கிளம்பிய துளி பாடியை எட்டும் முன்பே காய்ந்து, மணல் தூவியது போல் உட்காரும். அதற்கு மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் சேர்க்க வேண்டும், அல்லது அதிகாலையில் அடிக்க வேண்டும். ஜூன் முதல் மழை பிடித்ததும் குறை தலைகீழாகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்புக் காரும் பால் தெளித்தது போல வெளுக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றிலும் தண்ணீர் சேரும் என்பதால் குழாயில் ஈரப் பிடிப்பான் இல்லாமல் வேலை நடக்காது. மூன்றாவது தொல்லை புழுதி. வரங்கல் சாலையில் 2018-இல் தொடங்கிய உப்பல்–நாரபள்ளி மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டதால் அந்தப் பகுதியின் புழுதி ஊரறிந்தது. நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கும் கிளியர் கோட் ஈரமாக இருக்கும்போது அதன்மேல் விழும் ஒரு தூசி 1:24 அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். அடித்த பாடியை உடனே டப்பாவால் மூடிவைப்பதே எளிய தீர்வு.

நிறத்திலும் அளவின் கணக்கு உண்டு. மெட்டாலிக் பெயின்ட்டில் உள்ள அலுமினியச் செதில் பெரிய காருக்காகவே அரைக்கப்பட்டது; சின்னக் காரின் மேல் அதே செதில் 24 மடங்கு பெரிதாகக் கண்ணுக்குப் படும். கடைப் பெயின்ட்டில் வெள்ளிக் கார் செய்தால் ஜிகினா ஒட்டியது போலிருக்கும். தனி நிறங்களில், அதாவது வெள்ளை, சிவப்பு, மஞ்சளில், இந்தக் கவலையில்லை. ஐதராபாத்தின் மிகப் புகழ்பெற்ற காரும் மஞ்சள்தான்: ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்து, அவர் 1911-இல் மறைந்த பிறகு 1912-இல் பார்க்கர் நிறுவனத்தின் பாடியோடு தயாரான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். பின்பக்கம் அரியணை போல உயர்ந்த இருக்கை கொண்ட அந்தக் கார் சௌமகல்லா அரண்மனைக்குரியது. ஏர்ஃபிக்ஸின் 1911 ரோல்ஸ் ராய்ஸ் கிட்டின் சேஸிஸையும் சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு, மேற்பாடியைப் பாலிஸ்டைரீன் தாளில் வெட்டிச் செய்தால் அதை 1:32-இல் எட்டலாம். மஞ்சளுக்கு அடியில் வெள்ளைப் பிரைமர் வேண்டும். சாம்பல் பிரைமர் இருந்தால் மஞ்சள் பச்சை வாடை அடிக்கும்.

கிளியர் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு 2000 எண்ணில் தொடங்கி மேலும் நைசான தாள்களால் தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுவார்கள். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு. அங்கே இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் எட்டிப் பார்க்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த விளிம்புகளுக்கு முதலிலேயே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பார்கள். பம்பர், கிரில் போன்ற பாகங்கள் வெற்றிடத்தில் அலுமினிய ஆவி படியவைத்துப் பளபளப்பாக்கப்பட்டுக் கிட்டிலேயே வருகின்றன. சன்னல் விளிம்புக்கு மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, புது பிளேடால் ஓரம் வெட்டி எடுப்பார்கள்.

உப்பலையும் அதையொட்டிய நாச்சாரம், மல்லாப்பூர், சேர்லபள்ளித் தொழிற்பேட்டைகளையும் பார்த்தால் இந்தியக் காருக்கு இந்தியக் கிட் வராததற்குக் கைத்திறன் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. 1968-இல் சென்னை கிண்டியில் மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனமாகத் தொடங்கிய சிபெட்டின் ஐதராபாத் மையம் சேர்லபள்ளியில்தான் இருக்கிறது. அச்சு வடிவமைக்கவும் வெட்டவும் அங்கே கற்றுத்தருகிறார்கள். நான்கு பக்கமும் விலகும் எஃகு அச்சு வெட்டும் செலவைப் பல ஆயிரம் பெட்டிகளில் பிரித்தால்தான் ஒரு கிட்டின் விலை நியாயமாக அமையும். அமெரிக்காவில் அந்தச் செலவின் ஒரு பகுதியைக் கார் ஆலையே விளம்பரக் கணக்கில் ஏற்றது. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், ஆள் பிடிக்கப் போட்டியிட வேண்டியிராத இந்திய ஆலைக்கு விளம்பர மாடல் தேவைப்படவே இல்லை. அந்த முதல் படி இல்லாததால் கிட் என்ற அடுத்த படியும் வரவில்லை.

இப்போது எஃகு அச்சு இல்லாமலே பாடி செய்ய வழி வந்திருக்கிறது. கணினியில் வரைந்த உருவத்தை ஒளியால் இறுகும் ரெசினில் படலம் படலமாக அச்சிடும் சிறு இயந்திரங்கள் மேசைமேல் வைக்கும் அளவுக்கும் விலைக்கும் வந்துவிட்டன. பத்தே பேர் கேட்கும் ஒரு காருக்கும் பாடி அச்சிடலாம். படலங்களின் விளிம்பு வரிவரியாக மேலே நிற்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தும் வேலை கூடுதல். பாலிஸ்டைரீன் பசை ரெசினில் பிடிக்காது; சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான் வேண்டும். முற்றிலும் இறுகிய ரெசினை என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைப் போலக் கரைப்பதில்லை என்பதால் கடைப் பெயின்ட்டை அதன்மேல் இன்னும் துணிந்து அடிக்கலாம். சக்கரம், டயர், கண்ணாடி, சேஸிஸ் ஆகியவற்றை வேறொரு கிட்டிலிருந்து எடுத்துக்கொள்வது இன்றைய வழக்கம்.